பொட்டு வைக்காத போல்ட்

அத்தியாயம் ஒன்பது

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு சேரன் வீட்டுக்குள் நுழைந்தபோது, ஹாலில் நாற்காலி மேல் அந்தப் பெரிய கறுப்புப் பை மடித்து வைக்கப்பட்டிருந்தது. சைக்கிளைக் கழற்றி அடைத்து எடுத்துப் போகும் பை. மாலதியே பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறாள்.

இன்றைக்குத் தப்ப முடியாது என்று அவனுக்குப் புரிந்தது.

"இலக்கியா நேத்து திரும்பவும் போன் பண்ணா," என்றாள் மாலதி, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. "இன்னிக்குள்ள அந்த சைக்கிள் அங்கேர்ந்து போவணுமாம். இல்லன்னா பழைய இரும்புக்காரர கூப்ட்டுப் போட்டுடுவேங்கறா."

"நான்தான் ஞாயித்துக்கெழம எடுத்தாரேன்னு சொன்னேனே."

"நாலு ஞாயித்துக்கெழம ஆயிடுச்சுங்க. ஒவ்வொரு வாட்டியும் போறீங்க, வெறுங்கையோட வரீங்க."

குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஐந்து வாரமாக அவள் பள்ளிக்கூடத்துக்கும் சிதம்பரத்துக்கும் கடலூருக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். சிதம்பரத்தில் கை உடைந்து கிடப்பவன் அவளுடைய ஒரே தம்பி ராஜ்கமல், இலக்கியாவின் கணவன்.

"தூங்கிட்டு மத்தியானமா போங்களேன்."

"படுத்தா தூக்கம் வராது. இப்பவே போயிட்டு வந்துடறேன்."

அவள் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரை போனவள் திரும்பி, "இட்லி மூடி வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

சேரன் குளித்தான். இட்லியில் இரண்டைத் தின்றான். ஹாலின் ஒரு சுவரில் அவனுடைய சொந்த சைக்கிள் கொக்கியில் தொங்கியது. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில், அழுத்தமும் சூடும் காட்டும் கருவிகள் சரியான அளவு காட்டுகின்றனவா என்று பார்க்கிற வேலை அவனுக்கு. இருபத்திரண்டு வருடம். அந்த வேலைப் பழக்கம் சைக்கிளிலும் வந்துவிட்டிருந்தது. சீட் உயரத்தை மில்லிமீட்டரில் எழுதி வைத்திருப்பான். செயினை வாரா வாரம் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, வெயிலில் காய வைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவான். கடல் காற்று இரும்பைத் தின்னும் ஊர். அவன் வண்டியில் ஒரு துரு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு ஓட்டும் பதினோரு பேரும் அவனை 'செட்டிங் சேரன்' என்றுதான் சொல்வார்கள். புது சைக்கிள் வாங்கினால் முதலில் அவன் வீட்டுக்கு வரும். உட்கார வைத்து, முழங்கால் மடிப்பைப் பார்த்து, தோள் அகலத்தை அளந்து, சீட்டையும் ஹேண்டில்பாரையும் ஆளுக்கு ஏற்ற மாதிரி ஏற்றி இறக்கித் தருவான். ராஜ்கமலை இதில் இழுத்துவிட்டவனும் அவன்தான். மச்சானுக்கு அந்த எடை குறைந்த கார்பன் இழை சைக்கிளைத் தேர்ந்தெடுத்தது, உதிரி உதிரியாக வந்ததைப் பூட்டியது எல்லாமே அவன்.

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூரிலிருந்து பிச்சாவரம் போகிற வழியில், புதுச்சத்திரம் தாண்டி ஒரு சின்னப் பாலத்தில் ராஜ்கமல் விழுந்தான். நாய் குறுக்கே வந்துவிட்டது என்றான். வலது மணிக்கட்டில் எலும்பு இரண்டாகி, தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நரம்பு அடிபட்டிருக்கலாம், பார்க்கலாம் என்றார் டாக்டர். ராஜ்கமல் செயற்கைப் பல் செய்கிறவன். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லை அரிசி முனை அளவு பிசகாமல் செதுக்கும் கை அது.

சேரன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. ஆலப்பாக்கம் வரை விழித்திருந்தான். அதற்கு மேல் கண் தானாக மூடிக்கொண்டது. அந்தப் பாலம் எப்போது போனது என்று தெரியவில்லை. கண்டக்டர் முதுகில் தட்டி, "சார், சிதம்பரம் வந்துடுச்சு, எறங்குங்க" என்றபோதுதான் எழுந்தான். வாயோரம் ஈரமாக இருந்தது. துடைத்துக்கொண்டு இறங்கினான்.

ராஜ்கமலின் வீடு வடக்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். முன் அறையில் பல் லேப். ஐந்து வாரமாக அதன் ஷட்டர் பாதிக்கு மேல் ஏறவில்லை.

இலக்கியா கதவைத் திறந்தாள். போஸ்ட் ஆபீஸில் கவுன்ட்டர் வேலை அவளுக்கு, லீவில் இருந்தாள். தலை வாரவில்லை.

"வாங்கண்ணா. நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு அப்படியே வரீங்களா? கண்ணெல்லாம் செவந்திருக்கு."

"பரவால்லம்மா. எங்க அவன்?"

"பிசியோதெரபிக்கு வுட்டுட்டு வந்தேன். பதினோரு மணிக்குப் போயி கூட்டியாரணும்." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு எதிரில் சுவரில் சாய்ந்து நின்றாள். "நான் அந்த சைக்கிள தூக்கிப் போடணும்னு சொன்னது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும்ணா. உங்க கையால பூட்டுனது."

"சேச்சே."

"எடம் அடைக்குதுன்னு சொல்லல. அவர் தெனம் மத்தியானம் நான் தூங்கிட்டேன்னு நெனைச்சுக்கிட்டு பின்பக்கம் போறார். அந்த பிரேக்க வெரலால புடிச்சு அமுக்கிப் பாக்கறார். அமுங்கல. திரும்பத் திரும்ப அமுக்கறார். அப்புறம் அங்கயே உக்காந்து அழுவறார்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பால்காரருக்குக் கணக்கு எழுதறதுக்குக்கூட இடது கையி. அதுல அழுவல. அந்த பிரேக்குக்குப் போயி அழுவறார். எனக்குப் பாக்க முடியலண்ணா."

சேரன் டம்ளரைக் கீழே வைத்தான். "எடுத்துட்டுப் போயிடறேம்மா."

இலக்கியா ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் போன பிறகு வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது.

பின்பக்க வராந்தாவில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், பழைய பெட்ஷீட் போர்த்தி நின்றது சைக்கிள். சேரன் கொஞ்ச நேரம் நிலைப்படியிலேயே நின்றான். பிறகு போய் பெட்ஷீட்டை உருவினான்.

விழுந்த அன்று குரூப் பசங்க அதைக் குட்டியானை வேனில் ஏற்றிவந்து இங்கே நிறுத்தியது நிறுத்தியபடி இருந்தது. இடது பக்கம் கார்பன் உராய்ந்து வெளுத்திருந்தது. ஹேண்டில்பார் அப்படியே கீழ்நோக்கிக் கவிழ்ந்து தொங்கியது. விழுந்த வண்டியில் ஹேண்டில் திரும்பியிருப்பது சகஜம். அதனால் யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

சேரன் குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

ஹேண்டில்பாரை முன்னால் கவ்விப் பிடிப்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்ன மூடி. அதில் நாலு போல்ட். கார்பனில் அதிகம் முடுக்கினால் விண்டுவிடும், குறைவாக முடுக்கினால் நழுவும். அதனால்தான் சேரன் ஒரு தனி ரெஞ்ச் வைத்திருந்தான். அளவை வைத்துவிட்டு முடுக்கினால், அந்த இறுக்கம் வந்ததும் கைக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். நாலு போல்ட்டும் டிக் சொன்ன பிறகு, மாலதியின் பழைய நெயில் பாலிஷை எடுத்து ஒவ்வொரு போல்ட் தலையிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பான். பொட்டு இருந்தால் வேலை முடிந்தது. பதினோரு பேர் வண்டியிலும் அந்தப் பொட்டு உண்டு.

இந்த வண்டியிலும் இருந்தது. சீட்டுக்குக் கீழே ஒரு பொட்டு. பிரேக் பக்கத்தில் இரண்டு. சக்கரத்தின் அச்சில் ஒன்று.

ஹேண்டில் மூடியில் இரண்டு போல்ட்டைக் காணோம். எங்கேயோ ரோட்டில் உதிர்ந்து போயிருந்தன. மிச்சமிருந்த இரண்டில் பொட்டு இல்லை. அவன் விரல் நுனியால் ஒன்றைத் தொட்டான். சுற்றியது. வெறும் விரலுக்குச் சுற்றியது.

விழுகிற வேகத்தில் முடுக்கிய போல்ட் உடையும், வளையும். கழன்று வராது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. மறுநாள் ரைடுக்காக ராஜ்கமல் கடலூர் வந்திருந்தான். நீண்ட தூரம் போனால் உள்ளங்கை மரத்துப் போகிறது என்றான். சேரன்தான் அகலம் குறைந்த ஹேண்டில் போட்டால் சரியாகும் என்று மாற்ற உட்கார்ந்தான். நாலு போல்ட்டையும் நிற்கிற அளவுக்குக் கையால் முடுக்கினான். ரெஞ்சை எடுப்பதற்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது பற்றி கம்பெனியிலிருந்து ஒரு போன். பேசிவிட்டு வந்தவன் நேராக ஹேண்டிலுக்கு டேப் சுற்றத் தொடங்கிவிட்டான். அழகாகச் சுற்றினான். மச்சான் அதைத் தடவிப் பார்த்து, "மாமா கை பட்டா தனிதான்" என்றான்.

சேரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். துவைக்கும் கல்லின் ஈரம் பேன்ட்டில் ஏறியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பதினொன்றரைக்கு ஸ்கூட்டி சத்தம் கேட்டது. இலக்கியா வாசலிலேயே ராஜ்கமலை இறக்கிவிட்டு, "லீவ் லெட்டர் குடுத்துட்டு அப்படியே மாத்திரையும் வாங்கியாரேன்" என்று போய்விட்டாள்.

ராஜ்கமல் நேராகப் பின்பக்கம் வந்தான். இளைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. வலது கையில் ஒரு பச்சை ரப்பர் பந்து. அதைப் பிசைந்துகொண்டே நிலைப்படியில் உட்கார்ந்தான். விரல்கள் பந்தின் மேல் சும்மா கிடந்தன, உள்ளங்கைதான் அமுக்கியது.

"சாப்டீங்களா மாமா?"

"ம்." சேரன் சக்கரத்தைக் கழற்றவில்லை. பையைப் பிரிக்கவில்லை. "மச்சான், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னிக்கு நாய் குறுக்க வந்துச்சு இல்ல."

"ம்."

"வரலன்னாலும் நீ விழுந்திருப்ப." சேரன் ஹேண்டில் மூடியைக் காட்டினான். "இந்த நாலு போல்ட்ட நான் டைட் பண்ணவே இல்ல. போன் வந்துச்சு, பேசிட்டு வந்து மறந்துட்டு டேப் சுத்திட்டேன். இப்பதான் பாத்தேன்."

ராஜ்கமல் பந்தைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"நாய் வரல மாமா."

சேரன் நிமிர்ந்து பார்த்தான்.

"நாயே இல்ல. பாலத்துல அந்த ஜாயின்ட் மேல ஏறினேன். ஹேண்டில் அப்படியே கையோட கீழ எறங்குச்சு. ரெண்டு செகண்ட் இருக்கும். மாமா டைட் பண்ண மறந்துட்டாருன்னு அந்த ரெண்டு செகண்ட்லயே நெனைச்சேன். அப்புறம்தான் விழுந்தேன்."

"அப்புறம் ஏன்டா நாய்ன்னு சொன்ன?"

"ஆஸ்பத்திரியில கண்ணத் தொறந்தா அக்கா நிக்கறா. எப்படிடா விழுந்தன்னு கேட்டா. அவ மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? நாய்ன்னு வந்துச்சு வாயில."

"எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." ராஜ்கமல் இப்போதுதான் முதல் முறையாக அவன் கண்ணைப் பார்த்தான். "எவன் வீட்டுக்குப் போனாலும் நீங்க மொதல்ல வண்டியத்தான் பாப்பீங்க. டயர அமுக்கிப் பாத்துட்டுதான் ஆள்கிட்ட பேசுவீங்க. இங்க நாலு வாரம் வந்தீங்க. எம் பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தீங்க. ஒரு வாட்டிகூட பின்பக்கம் வரல. அப்பவே புரிஞ்சுடுச்சு, உங்களுக்கும் தெரியும்னு."

அது நிஜம். ஆஸ்பத்திரி வராந்தாவில் முதல் நாளே அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்த நாலு 'டிக்' சத்தத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தான். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அன்றிலிருந்து, பார்க்காத வரைக்கும் அது நாய்தான் என்று வைத்துக்கொண்டான். எத்தனையோ கருவியை அது தப்பு என்று ஒரே பார்வையில் ஒதுக்கியவன், இந்த ஒன்றை ஐந்து வாரம் பார்க்காமல் இருந்தான்.

"எம் மேல கோவம் இருக்கா?"

"இருக்குது மாமா. இல்லன்னா பொய்யி." ராஜ்கமல் பந்தைத் தரையில் வைத்தான். அது மெல்ல உருண்டு சைக்கிள் சக்கரத்தில் முட்டி நின்றது. "செவ்வாக்கெழம பாண்டிச்சேரியில நரம்பு டெஸ்ட். கையி வந்துடும்னு சொன்னாங்கன்னா கோவம் போயிடும்னு நெனைக்கறேன். வராதுன்னா... எனக்குத் தெரியல."

"நான் மாலதிகிட்ட சொல்லிடறேன். இலக்கியாகிட்டயும்."

"வேணாம்."

"இல்லடா—"

"வேணாம் மாமா. நீங்க சொல்லிட்டீங்கன்னா உங்களுக்கு பாரம் கொறையும். எனக்கு என்னா கொறையும்? இலக்கியா உங்கள இந்த வாசப்படி ஏற வுட மாட்டா. அக்கா எந்தப் பக்கம் நிப்பா? இப்ப வாராவாரம் அவளாவது வந்து போறா."

சேரன் சக்கரங்களைக் கழற்றினான். பழக்கத்தில் கை தானாக வேலை செய்தது. செயினைத் துணியில் சுற்றினான். ஹேண்டிலை உருவி, சட்டகத்தோடு சேர்த்துக் கட்டினான். மிச்சமிருந்த இரண்டு போல்ட்டையும் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ராஜ்கமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பையின் ஜிப் மூடியபோது எழுந்து உள்ளே போய், கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இலக்கியா வந்து சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றாள். சேரன் மறுத்தான். அவள் விடாமல் ஒரு டப்பாவில் சாம்பார் சாதமும் அப்பளமும் கட்டிக் கொடுத்தாள். வாசல் வரை வந்தாள்.

"ரொம்ப தேங்ஸ்ணா. நீங்களும் அண்ணியும் இல்லன்னா இந்த அஞ்சு வாரத்த நான் எப்படித் தாண்டியிருப்பேன்னு தெரியல. எங்க அண்ணன்கூட ஒரு தடவைதான் வந்து பாத்தான். நீங்க ஷிஃப்ட் முடிச்சிட்டு தூங்காம ஓடியாறீங்க."

சேரன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தான். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"வரேம்மா," என்றான்.

சந்து முனை வரைக்கும் அவளுடைய நன்றி முதுகில் இருந்தது. பையைவிட அதுதான் கனத்தது.

பஸ்ஸில் பையை ஏற்ற கண்டக்டர் முனகினார். கடைசி சீட்டுக்குப் பின்னால் திணித்துவிட்டு, அதன் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இந்தத் தடவை தூங்கவில்லை. பாலம் வந்தபோது பார்த்தான். சின்னப் பாலம். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. நாய் எதுவும் இல்லை.

ராஜ்கமல் சொன்னதை யோசித்துக்கொண்டே வந்தான். பாரம் யாருக்குக் குறையும்? கேள்வி சரிதான். ஆனால் சொல்லாமல் இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் இலக்கியா வாசல் வரை வந்து நன்றி சொல்வாள். அதை வாங்கிக்கொண்டு வரவேண்டும். அதற்கடுத்த ஞாயிறும். அது மட்டும் தன்னால் முடியாது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

நேராக வீட்டுக்குப் போகத் தோன்றாமல், கடலூர் பஸ் ஸ்டாண்டு பெஞ்சிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். ஐந்து மணிக்கு வீட்டுக்குள் போனபோது மாலதி நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? முகம் கழுவிட்டு வாங்க, டீ போடறேன்."

"மாலதி, இரு. உக்காரு."

நின்றபடியே சொன்னான். ஹேண்டில் மாற்றியது, போன் வந்தது, மறந்தது. நாய் இல்லை என்பது. ராஜ்கமலுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது. தான் சந்தேகப்பட்டுக்கொண்டே பார்க்காமல் இருந்தது. எதையும் விடவில்லை. காகிதத்தை எடுத்து அந்த இரண்டு போல்ட்டையும் நோட்டுக் கட்டின் மேல் வைத்தான்.

மாலதி அவற்றைத் தொடவில்லை. கையிலிருந்த சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டாள்.

"சொல்ல வேணாம்னானா அவன்?"

"ஆமா."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"உங்கிட்ட மறைச்சு வெச்சுக்கிட்டு இந்த வீட்ல உக்காந்து எப்படி சாப்டறது?"

"அஞ்சு வாரமா சாப்டீங்களே."

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. மேசையைப் பார்த்துப் பேசியபோது அவனிடம் பேசுகிற மாதிரிகூட இல்லை.

"மறந்தது புரியுது. மனுஷன்னா மறப்பான். தம்பிக்கு டைபாய்டு வந்தப்ப நான் மாத்திரய மாத்திக் குடுத்திருக்கேன், சின்ன வயசுல. அது இல்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எங்கூட பஸ்ல பக்கத்துல உக்காந்து வந்தீங்க. நான் அந்த நாயத் திட்டிக்கிட்டே வருவேன். நீங்களும் தலையாட்டிக்கிட்டு வந்தீங்க."

அவள் எழுந்தாள். உள்ளே போய் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு சின்னப் பையில் இரண்டு புடவையும் டவலும் வைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்க போற?"

"தம்பி வீட்டுக்கு. ஸ்கூலுக்கு லீவு சொல்லிடறேன். செவ்வாக்கெழம டெஸ்ட்டுக்கு நானே கூடப் போறேன்."

"நானும் வரேன்."

"வேணாம். உங்களுக்கு ஷிஃப்ட் இருக்கு. நேத்து ராத்திரிலேர்ந்து தூங்கல நீங்க, போயி படுங்க." அந்த அக்கறைதான் அவனை இன்னும் சுருட்டியது. செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "எனக்கு யார் மேல கோவம்னே தெரியல. அவனும் பொய் சொல்லிருக்கான். ரெண்டு பேரும் என்ன நடுவுல உக்கார வெச்சுட்டீங்க. இலக்கியாகிட்ட நான் என்னான்னு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"எப்ப?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

ஆறு மணிக்குப் போன் சிணுங்கியது. சைக்கிள் வாட்ஸ்அப் குரூப்பில் சிலம்பரசன் எழுதியிருந்தான். எல்லாரிலும் சின்னவன். புதுசாகக் கல்யாணமானவன்.

'அண்ணே, இந்த ஞாயிறு பிச்சாவரம் போறோம். சனிக்கிழமை வண்டி கொண்டாரேன், ஒரு தடவ ஃபுல்லா பாத்துக் குடுங்க. உங்க கை பட்டாதான் எங்க வீட்ல ரைடுக்கு அனுப்பறாங்க.'

கீழே இரண்டு பேர் கட்டைவிரல் படம் போட்டிருந்தார்கள்.

சேரன் அதை மூன்று தடவை படித்தான். பதினோரு வண்டி. எல்லாவற்றிலும் அவனுடைய பொட்டு. யாரும் அதற்கு மேல் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை, அவன் பார்த்துவிட்டான் என்பதால்.

எழுதத் தொடங்கினான். அடித்தான், அழித்தான், மறுபடி எழுதினான். கடைசியில் இப்படி நின்றது:

'எல்லாரும் சனிக்கிழமைக்குள்ள வண்டிய வேற யாருகிட்டயாவது குடுத்து எல்லா போல்ட்டையும் செக் பண்ணிக்குங்க. ராஜ்கமல் விழுந்தது நாயால இல்ல. நான் ஹேண்டில் போல்ட்ட டைட் பண்ண மறந்துட்டேன். என் தப்பு. இனிமே நான் யார் வண்டியிலும் கை வைக்க மாட்டேன்.'

அனுப்பினான்.

ஒரு நிமிடத்தில் டிக்குகள் நீலமாயின. சிலம்பரசன் டைப் செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி டைப் செய்தான். மறுபடி நின்றது. யாரும் எதுவும் எழுதவில்லை.

பிறகு திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்து விழுந்தது.

'ராஜ்கமல் வெளியேறினார்.'

சேரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மச்சானும் அந்தக் குரூப்பில் இருப்பது, அனுப்பிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வேண்டாம் என்று சொன்னவன் அவன் ஒருவன்தான். அவனுக்கே இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாலதி இந்நேரம் ஆலப்பாக்கம்கூடத் தாண்டியிருக்க மாட்டாள்.

போன் அடித்தது. இலக்கியா.

ஒரு மணி அடித்தது. இரண்டாவது மணி. நைட் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அப்புறம் பேசிக்கொள்ளலாம், தூங்கிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அவளும் நம்புவாள்.

மூன்றாவது மணியில் சேரன் எடுத்தான்.

"சொல்லும்மா," என்றான்.